ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்...

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமாகவும் இருக்கும். இன்டர்னல்ஸ் முடிந்த கையோடு ராத்திரி உட்கார்ந்து எழுதுவதால் எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும் :)

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரையாவது தூக்கத்தில் தட்டி எழுப்பி "லீவ் லெட்டர் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். கண்ணைத் திறக்காமலே ஒப்பிப்பார்கள். ரெஸ்பெக்டட் சார், ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்... கடைசியில் யுவர்ஸ் ஒபீடியன்ட்லி. நாலாம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ மனப்பாடம் பண்ணியது. அந்தக் கடிதத்துக்குத் தெரிந்தது ஒரே ஒரு நோய்தான். வயிற்றால் போனாலும் ஃபீவர், மாமா கல்யாணத்துக்குப் போனாலும் ஃபீவர், ஹோம்வொர்க் எழுதாமல் விட்டாலும் ஃபீவர். போன மாதம் நான் எங்கள் ஹெச்.ஓ.டி.யிடம் கொடுத்த கடிதத்திலும் ஃபீவர்தான். (அன்றைக்கு எனக்கு உண்மையில் என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.)

இந்தக் கடிதம் இப்போது ஞாபகத்துக்கு வரக் காரணம் இருக்கிறது. இரண்டு வாரம் முன்னால் எங்கள் கல்லூரியில் பிளேஸ்மென்ட் டிரெய்னிங். பேச வந்தவர் ஒரு பெரிய கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். நன்றாகப் பேசினார், சிரிக்க வைத்தார், யாரும் தூங்கவில்லை. கேள்வி நேரத்தில் எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, "சார், வேலையில மனசு ரொம்ப சோர்ந்து போச்சுன்னா அதுக்குன்னு லீவ் கேக்கலாமா?" என்று கேட்டாள். அவர் ஒரு நிமிடம் அவளையே பார்த்துவிட்டுச் சொன்னார்: "எங்க காலத்துல மனசுன்னு ஒண்ணு இருக்கறதே எங்களுக்குத் தெரியாதும்மா. வேலை இருந்துச்சு, செஞ்சோம். நீ இன்னும் வேலைக்கே சேரல, அதுக்குள்ள லீவா?"

அரங்கமே கைதட்டியது. நானும் தட்டினேன். அதுதான் இரண்டு வாரமாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அந்த மனிதரை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. மேலே இருப்பவர்கள் எல்லாம் இதே பாட்டைத்தான் பாடுகிறார்கள். 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் பேசிய வீடியோ வெளியே வந்தது. அவருக்கு 90 மணி நேரம் வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்ற வருத்தம் வேறு. வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டார்.

சரி, கணக்குப் போடுவோம். இன்ஜினியரிங் படிக்கிறோம், இதற்காவது உதவட்டும். வாரத்துக்கு 168 மணி நேரம். வேலைக்கு 90 போனால் மிச்சம் 78. ராத்திரிக்கு 8 மணி நேரம் தூங்கினால் 56 போய் மிச்சம் 22. ஓ.எம்.ஆர். டிராஃபிக்கில் போக வர தினம் 3 மணி நேரம், ஏழு நாளுக்கு 21. ஆக வாரத்துக்கு மிச்சம் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தில் குளிக்கலாம், சாப்பிடலாம், துணி துவைக்கலாம். நேரம் இருந்தால் மனைவியையும் பார்க்கலாம் :)

சிரித்தாயிற்றா? இனிமேல் சிரிப்பு வராது.

எங்கள் அக்கா கதையைச் சொல்கிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனி, சப்போர்ட் புராஜெக்ட், அமெரிக்கா நேரத்துக்கு வேலை. 2023-இல் அவள் டீமில் ஒருவர் வேலையை விட்டுப் போனார். அவருக்குப் பதில் ஆள் எடுக்கவில்லை, அவர் வேலையும் இவள் தலையில் விழுந்தது. முதலில் தூக்கம் போனது. பிறகு பசி. பி.ஜி. ரூமைப் பூட்டினோமா இல்லையா என்று மூன்று தடவை திரும்பிப் போய்ப் பார்ப்பாளாம். ஒருநாள் ஆபீஸ் வாசலில் ஐ.டி. கார்டைத் தேய்த்து உள்ளே போனவள், லிஃப்ட் முன்னால் இருபது நிமிடம் நின்றிருக்கிறாள். பட்டனை அமுக்கக் கை போகவில்லை. செக்யூரிட்டி அண்ணன் வந்து "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டதும் அழுதுகொண்டே ரூமுக்குத் திரும்பிவிட்டாள்.

கூட இருந்த தோழி புண்ணியவதி, அடுத்த நாளே ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப் போனாள். அந்த டாக்டர் முக்கால் மணி நேரம் உட்கார வைத்துக் கேட்டுவிட்டு, இது டிப்ரஷன், பயப்பட வேண்டாம், சரியாகக்கூடியதுதான் என்று மாத்திரை எழுதினார். இரண்டு வாரம் ஓய்வு வேண்டும் என்று சான்றிதழும் கொடுத்தார். லெட்டர்ஹெட், பதிவு எண், கையெழுத்து, சீல் எல்லாம் பக்காவாக.

இப்போதுதான் விஷயமே. ரூமில் எல்லோரும் சொன்னார்களாம்: "ஏய், இதைக் குடுத்துடாதே. அடுத்த மாசம் அப்ரைசல். சைக்கியாட்ரிஸ்ட் பேரு ஃபைல்ல ஏறுச்சுன்னா அவ்வளவுதான்." அக்காவும் யோசித்தாள். தெருமுனையில் ஒரு கிளினிக். அங்கே இருந்தவர் இவள் நாடியைக்கூடப் பிடித்துப் பார்க்கவில்லை. "எத்தனை நாள் வேணும்?" என்று மட்டும் கேட்டார். பன்னிரண்டு நாள். டைஃபாய்டு. முந்நூறு ரூபாய்.

உண்மையான டாக்டர் உண்மையாகப் பார்த்து எழுதிய சான்றிதழ் பீரோவில் சேலைக்கு அடியில் போனது. காசுக்கு வாங்கிய பொய்ச் சான்றிதழ் ஹெச்.ஆர். ஃபைலுக்குப் போனது. இதை எழுதும்போதுகூட எனக்குக் கை நடுங்குகிறது. நோய் பொய் என்றால் ஏமாற்று என்று திட்டலாம். இங்கே நோய் நிஜம், மருந்து நிஜம், டாக்டர் நிஜம். பெயர் மட்டும்தான் பொய்.

கரூருக்கு வந்தாள். வீட்டிலும் டைஃபாய்டு என்றுதான் சொன்னாள். அம்மா கஞ்சி, இட்லி, ரசம் சாதம் என்று பத்தியம் பார்த்தார். "டைஃபாய்டு மாத்திரை போட்டியா சாமி?" என்று வேளைக்கு வேளை கேட்பார். அக்கா டிப்ரஷன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தலையாட்டுவாள். அவளுடைய டீம் லீட் தினமும் வாட்ஸ்அப்பில் விசாரிப்பார்: தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிங்க, ரோட்டுக் கடையில் சாப்பிடாதீங்க. நல்ல மனிதர்தான். உண்மை தெரிந்திருந்தால் ஷிஃப்டை மாற்றிக் கொடுத்திருப்பாரோ, இன்னொரு ஆளைக் கேட்டு வாங்கியிருப்பாரோ, இல்லை அப்ரைசலில் குத்தியிருப்பாரோ தெரியாது. தெரிந்துகொள்ள வழியே இல்லை. அவரைப் பொறுத்தவரை அவர் டீமில் ஒரு பெண்ணுக்கு டைஃபாய்டு வந்தது, சரியானது, திரும்பி வந்துவிட்டாள். டைஃபாய்டுக்கு யாராவது ஷிஃப்ட் மாற்றுவார்களா?

பன்னிரண்டு நாள் கழித்து அதே நாற்காலி, அதே ராத்திரி, அதே இரண்டு ஆள் வேலை. நாலு மாதத்தில் கையில் வேறு வேலை இல்லாமலே ராஜினாமா செய்தாள். இப்போது கோயம்புத்தூரில் குறைந்த சம்பளத்துக்குப் பகல் வேலை பார்க்கிறாள். நன்றாக இருக்கிறாள், அது வேறு விஷயம்.

பொய்க் காய்ச்சல் லீவால் என்ன நஷ்டம், லீவ்தான் கிடைத்துவிடுகிறதே என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். லீவ் கிடைக்கிறது. அந்த லீவ் எதற்கு என்பது யாருக்கும் தெரியாததால் திரும்பி வரும்போது எதுவும் மாறியிருப்பதில்லை. கம்பெனி கணக்கிலும் டைஃபாய்டு 1 என்று ஏறுமே தவிர வேறு எதுவும் ஏறாது. மனச்சோர்வாலும் பதற்ற நோயாலும் உலகம் முழுக்க ஆண்டுக்கு சுமார் 1200 கோடி வேலைநாட்கள் வீணாகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. அக்காவின் பன்னிரண்டு நாளை அவள் ஆபீஸில் போய்த் தேடினால் டைஃபாய்டு என்றுதான் இருக்கும்.

"சட்டத்துல இடம் இல்லையேப்பா" என்று ஒரு நண்பன் சொன்னான். தப்பு. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இல் நிறைவேறி 2018-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் 21-ஆம் பிரிவு, சிகிச்சை தருவதில் மன நோயையும் உடல் நோயையும் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. மருத்துவக் காப்பீட்டிலும் பேதம் பார்க்கக்கூடாது என்கிறது. லீவைப் பற்றி அது பேசவில்லை, ஒத்துக்கொள்கிறேன். லீவைப் பற்றிப் பேசுவது அதைவிடப் பழைய சட்டம்: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947. நம் தாத்தா காலத்துச் சட்டம்! நோய்க்காக வருடத்துக்கு 12 நாள் சம்பளத்தோடு லீவ் என்று அதில் இருக்கிறது. எந்த நோய் என்று பிரித்துச் சொல்லவில்லை. உடம்பு நோய்க்கு மட்டும்தான் என்ற வரி அதில் கிடையாது, அதை நாமாகச் சேர்த்துப் படித்துக்கொண்டோம். ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் நீண்டகால நோய்களுக்குக் கூடுதல் நாட்கள் உதவித்தொகை தர ஒரு பட்டியல் உண்டு. காசநோய், புற்றுநோயோடு தீவிர மனநோயும் அதில் இருக்கிறது. ஆக எங்கள் பிளேஸ்மென்ட் பேச்சாளருக்குத் தெரியாத மனசு அரசாங்கத்துக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

அடுத்த கேள்வி ரெடியாக இருக்கும்: "இதுக்கெல்லாம் லீவ் குடுத்தா எல்லாவனும் ஏமாத்துவானே?" ஏமாற்றுவான். இப்போது மட்டும் என்ன வாழ்கிறதாம்? ஒவ்வொரு ஆபீஸிலும் நாலு பேருக்குப் பாட்டி நாலு தடவை செத்திருக்கிறார். அதற்காக நிஜமாகவே பாட்டி செத்தவனுக்கு லீவ் கிடையாது என்று யாரும் சொல்வதில்லையே? காய்ச்சலை தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கலாம், மனசை எதை வைத்துப் பார்ப்பது என்பார்கள். முதுகுவலிக்கு எந்த மீட்டர் வைத்துப் பார்க்கிறீர்கள்? தலைவலிக்கு? டாக்டர் சொன்னால் நம்புகிறோம். இதற்கும் டாக்டர் இருக்கிறார்.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ஒன்று. 2019 அக்டோபர் கடைசியில் ஆஸ்திரேலியாவின் கிளென் மேக்ஸ்வெல், மனநலக் காரணம் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டு விளையாட்டிலிருந்து ஒதுங்கினார். சதை பிடித்துக்கொண்டது என்று சொல்லியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் உண்மையைச் சொன்னார். அடுத்த சில நாட்களில் விராட் கோலி அவரைப் பாராட்டிவிட்டு, 2014 இங்கிலாந்து தொடரின்போது தனக்கும் உலகமே முடிந்துபோன மாதிரி இருந்தது, யாரிடமும் சொல்லத் தெரியவில்லை என்றார். அந்தத் தொடரில் கோலி 10 இன்னிங்ஸில் மொத்தம் 134 ரன். நாமெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து என்னென்ன பேசினோம் என்று ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கஷ்டமான கேள்வி வேறு. "இதெல்லாம் ஏ.சி. ரூம் வியாதி. சித்தாளுக்கு உண்டா மன லீவ்? டிரைவருக்கு உண்டா?" என்று கேட்பார்கள். இதைக் கேட்டால் ஐ.டி. நண்பர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள். நான் மூட மாட்டேன். எங்கள் அப்பா டிரைவர்.

தனியார் பஸ். வண்டியில் ஏறினால்தான் சம்பளமும் பேட்டாவும், ஏறாத நாளுக்கு ஒன்றும் கிடையாது. நான் ஒன்பதாவது படிக்கும்போது பைபாஸ் ரோட்டில் ஒரு பைக் சறுக்கி, ஓட்டி வந்தவர் பின் சக்கரத்தில் மாட்டிக்கொண்டார். அங்கேயே உயிர் போய்விட்டது. அப்பா மேல் தப்பில்லை என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். போலீஸ் ஸ்டேஷன், ஜாமீன் எல்லாம் ஆகி வீட்டுக்கு வந்தார். ஓனர் கெட்டவர் இல்லை, வக்கீல் செலவை அவர்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் அடுத்த வாரமே ஆள் அனுப்பிவிட்டார், வண்டிக்கு வேறு டிரைவர் கிடைக்கவில்லை என்று. அம்மா வேண்டாம் என்றார். அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "ஊட்டுல உக்காந்தா அரிசி யாரு போடுவாங்க கண்ணு?"

போனார். அதே ரூட், அதே பைபாஸ். அந்த இடம் வந்தால் கை தானாக ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று பல வருஷம் கழித்து ஒரு தீபாவளி ராத்திரி சொன்னார். ஏழெட்டு மாதம் மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லையாம். டிபன் பாக்ஸ் காலியாகத்தான் வீட்டுக்கு வரும், கண்டக்டர் அண்ணன் சாப்பிட்டிருக்கிறார். அந்த நிலைமையில் ஒவ்வொரு டிரிப்பும் அறுபது பேரை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருக்கிறார். நீங்கள்கூட அந்த பஸ்ஸில் வந்திருக்கலாம்.

பிரிட்டனில் ரயில் முன்னால் யாராவது விழுந்துவிட்டால் அந்த டிரைவரை உடனே வேலையிலிருந்து இறக்கி, லீவும் கவுன்சலிங்கும் கொடுப்பது வழக்கம். அவரை பலவீனமானவர் என்று யாரும் சொல்வதில்லை. பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களின் உயிரையும் நினைத்துச் செய்கிற ஏற்பாடு அது. டிரைவருக்கு உண்டா என்று கேட்கிறவர்களே, இல்லை, எங்கள் அப்பாவுக்கு இல்லை. டிரைவருக்கு இல்லாததால் யாருக்கும் வேண்டாம் என்பதா நியாயம்? டிரைவருக்கும் சித்தாளுக்கும் சேர்த்துக் கேட்பதுதானே நியாயம்? உங்களுக்கு அவர்கள் மேல் அவ்வளவு அக்கறை என்றால் வாருங்கள், சேர்ந்தே கேட்போம்.

இன்னொரு கோஷ்டியும் உண்டு, அதையும் திட்டாமல் விட முடியாது. வெல்னஸ் வாரம் கொண்டாடுகிற ஹெச்.ஆர்.கள். யோகா வகுப்பு, அமுக்கி விளையாட ஒரு மஞ்சள் பந்து, "மன அழுத்தத்தை வெல்வது எப்படி" என்று வெபினார். எப்போது? வேலை முடிந்து ராத்திரி ஏழு மணிக்கு, அட்டெண்டன்ஸ் கட்டாயம்! 2024 டிசம்பரில் வீட்டுக்கே வந்து அழகுக்கலை சேவை தரும் ஒரு வட இந்திய நிறுவனம் செய்ததைப் படித்திருப்பீர்கள். ஊழியர்களிடம் மன அழுத்தம் இருக்கிறதா என்று சர்வே எடுத்தார்கள், ஆம் என்று சொன்னவர்களை வேலையை விட்டு நீக்கிவிட்டோம் என்று ஒரு மெயில் வெளியே வந்தது. ஊரே கொதித்த பிறகு, யாரையும் நீக்கவில்லை, மன அழுத்தத்தின் மேல் கவனத்தைத் திருப்பத்தான் அப்படிச் செய்தோம் என்றார்கள். எனக்கு அந்த விளக்கத்தைவிட வேறொன்றுதான் பயமாக இருந்தது. அந்த மெயிலைப் பார்த்த லட்சக்கணக்கான பேரில் பெரும்பாலோர் அதை அப்படியே நம்பினார்கள். நடக்கக்கூடியதுதான் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது.

அதே 2024-இல் புனேயில் ஒரு பெரிய ஆடிட்டிங் நிறுவனத்தில் சேர்ந்த நாலே மாதத்தில் 26 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். வேலைப்பளுதான் காரணம் என்று அவர் அம்மா எழுதிய கடிதம் செப்டம்பரில் நாடு முழுக்கப் பேசப்பட்டது. நிறுவனம் மறுத்தது. சரி, உண்மை எதுவோ இருக்கட்டும். நம் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் சென்னையில் ஒரு விழாவில் அதைப் பற்றிப் பேசும்போது, அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையை வீட்டில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றார். இறந்தவரைக் குறை சொல்லவில்லை என்று பிறகு விளக்கமும் கொடுத்தார். ஆனால் வேலை கொடுத்தவர் எத்தனை மணிக்கு வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதைவிட, வேலை செய்கிறவருக்கு வீட்டில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதுதானே நம் ஊரில் முதலில் பேச்சாகிறது? அந்தப் பெண்ணும் எங்கள் அக்காவும் என்ன, வலிமை இல்லாமலா அத்தனை மாதம் அப்படி உழைத்தார்கள்?

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். லீவே வைத்தியம் ஆகிவிடாது. டிப்ரஷனில் இருக்கிறவரை ரூமில் தனியாகப் படுக்க வைத்தால் சில சமயம் இன்னும் மோசமாகும். அக்காவின் டாக்டரே அதைச் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்: லீவில் காலையில் எழுந்து நட, நாலு பேரோடு இரு, மாத்திரையை நீயாக நிறுத்தாதே, மறுபடி வந்து பார். இதெல்லாம் செய்ய நேரம் வேண்டும் இல்லையா? அந்த நேரத்துக்குப் பெயர்தான் லீவ்.

போன மாதத்து என் காய்ச்சலுக்கு வருகிறேன். ஒன்பதாவது கம்பெனியிலும் ரிஜெக்ட். அடுத்த நாள் காலையில் ஹாஸ்டல் கட்டிலில் எழுந்திருக்க முடியவில்லை. சோம்பேறித்தனம் இல்லை, சோம்பேறித்தனம் எனக்கு நன்றாகப் பழக்கம், அது வேறு மாதிரி இருக்கும் :) ஃபேனையே பார்த்துக்கொண்டு மத்தியானம் வரை கிடந்தேன். இரண்டு நாள் அப்படி. மூன்றாம் நாள் ஃபீவர் என்று எழுதி நீட்டினேன். ஹெச்.ஓ.டி. நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். அவர் நிமிர்ந்து பார்த்து "நிஜமா ஃபீவரா?" என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஆனால் அவர் ஏன் கேட்கப் போகிறார்? நான் எழுதிக் கொடுத்தது அதுதானே.

ஜூலையில் வேலைக்குச் சேர வேண்டும். (ஆமாம், பத்தாவது கம்பெனியில் கிடைத்துவிட்டது. ட்ரீட் கேட்டு மெசேஜ் அனுப்பாதீர்கள்.) அங்கே ஒருநாள் எனக்கு லிஃப்ட் பட்டனை அமுக்கக் கை போகாவிட்டால், லீவ் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் உண்மையை எழுதுவேன் என்று இப்போது வீறாப்பாகச் சொல்லத்தான் ஆசை. எழுதுவேனா என்று தெரியவில்லை. ஒருத்தன் மட்டும் எழுதினால் அப்ரைசலில் குத்துவார்கள். ஒரே டீமில் பத்துப் பேர் எழுதினால் எத்தனை பேரைக் குத்துவார்கள்? இதைத்தான் என்னோடு சேரப் போகிற எங்கள் வகுப்பு ஆட்களிடம் கேட்கிறேன். அன்றைக்குக் கேள்வி கேட்ட பெண்ணிடமும் கைதட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

இதை எழுதலாமா என்று அக்காவிடம் ஃபோனில் கேட்டபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுதுடா. கம்பெனி பேரு மட்டும் வேண்டாம். அம்மாகிட்டயும் சொல்லிடாதே, நானே ஒருநாள் சொல்லிக்கறேன்" என்றாள். இன்னும் சொல்லவில்லை. இப்போதும் அக்கா ஊருக்கு வந்தால் அம்மா அவளுக்கு மட்டும் தனியாகத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, சொம்பில் ஊற்றித் தருகிறார். டைஃபாய்டு வந்த உடம்பாம்.